வெயில் சீட்டு

அன்று காலை நான் அவளிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருந்தது. அவளும் என்னிடம் ஒன்றைச் சொல்லிவிடுவது என்று வந்திருந்தாள். அவள் முந்திக்கொண்டாள்.

நாற்காலி காலியாக இருந்தும் பூங்கொடி தரையில்தான் உட்கார்ந்திருந்தாள். மடியில் மல்லிகா, அவளுடைய எட்டு மாதக் குழந்தை. என்னுடைய பழைய கம்பளிச் சால்வைக்குள் மூக்கு மட்டும் வெளியே தெரியத் தூங்கிக்கொண்டிருந்தது. அதன் விரல்களில் சுற்றியிருந்த கட்டுத் துணியிலிருந்து மருந்து வாடை வந்தது. ஜன்னல் வழியாக வெயில் மேஜை வரைக்கும் நீண்டு கிடந்தது.

பூங்கொடி இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பையை அவிழ்த்தாள். நாலாக மடித்த இரண்டு சீட்டுகளை எடுத்து என் மேஜை மேல் வைத்தாள். மடிப்பில் கிழிந்து, வியர்வையில் ஊறி, எண்ணெய்க் கறை படிந்த சீட்டுகள். இரண்டும் நான் கொடுத்தவை.

"அம்மா, நான் ஒரு தப்பு பண்ணிட்டேங்க. திட்டாத கேளுங்க" என்றாள்.

தப்புப் பண்ணியது யார் என்று முந்தின நாள்தான் எனக்குத் தெரிந்திருந்தது.

இந்தத் தொடரில் இதுவரை நான் பிழைக்கவைத்த குழந்தைகளைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருக்கிறேன். படித்துவிட்டு "நீங்கள் தெய்வம் அம்மா" என்று கடிதம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்த வாரம் மல்லிகாவைப் பற்றி எழுதுகிறேன்.

என் வாய்

கச்சிராயபாளையத்திலிருந்து மலைக்குப் போகும் ரோட்டில் அப்போது ஒரு சின்ன தர்ம ஆஸ்பத்திரி இருந்தது. எட்டுக் கட்டில், ஒரு நர்ஸ், ஒரு லேப், நான். இப்போது அந்தக் கட்டிடமே இல்லை.

மலையிலிருந்து வருகிறவர்கள் விடியுமுன் கிளம்பி நடந்தே இறங்குவார்கள். பஸ் ஒரு நாளைக்கு இரண்டு தடவைதான், அதுவும் நம்பிக்கையில்லை. பிள்ளையைத் துணியில் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு, கால் புழுதியோடு வந்து வரிசையில் நிற்பார்கள். அப்படி வந்தவர்களிடம் நான் என்ன செய்வேன்? திட்டுவேன்.

"மூணு நாளா காய்ச்சல் அடிக்குது, இப்பதான் வழி தெரிஞ்சுதா? இன்னா பண்ணிக்கினு இருந்தே?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். நான் கடலூர்ப் பக்கத்துக்காரி. என் வாய்க்குப் பயந்துதான் மருந்தை ஒழுங்காகக் கொடுக்கிறார்கள் என்று பெருமை வேறு. வெளியே வரிசையில் நிற்பவர்கள், "இன்னிக்கு அம்மா எப்படிக் கீது?" என்று நர்ஸிடம் விசாரித்துவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். அதை நான் ரசிக்கவும் செய்தேன்.

அவர்கள் வீடுகளையும் விட்டுவைக்கவில்லை. கல்வராயன் மலையில் அப்போது பெரும்பாலும் மண்சுவர் வீடுகள். கூரை இடுப்பு உயரத்துக்கு இறங்கியிருக்கும், குனிந்துதான் நுழைய வேண்டும். ஜன்னல் என்று ஒன்று கிடையாது. உள்ளே பகலிலும் இருட்டு. முகாமுக்குப் போகும்போதெல்லாம், "இன்னா வூடு கட்டி வச்சிருக்கீங்க? புள்ளைக்கு வெளிச்சம் வேணாமா?" என்று சத்தம் போடுவேன். இரண்டு வீட்டில் நானே முன்னால் நின்று சுவரை உடைத்து ஓட்டை போட வைத்திருக்கிறேன். நினைத்தால் இப்போது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

சூரியன் போட்ட ஸ்டாம்ப்

பிறந்த குழந்தைகளுக்குக் காமாலை வருவது சகஜம். பெரிய ஆஸ்பத்திரிகளில் நீல விளக்கின் கீழே படுக்கவைப்பார்கள். எங்களிடம் விளக்கும் இல்லை, பாதி நாள் கரண்டும் இல்லை. வெயில் இருந்தது. காலை இளவெயிலில் குழந்தையைத் துணியில்லாமல் காட்டச் சொல்வேன். அந்தக் காலத்தில் எல்லா டாக்டரும் சொன்னதுதான். பெரும்பாலான குழந்தைகளுக்கு அது கெடுதல் ஒன்றும் செய்யவில்லை.

வாயால் சொன்னால் மறந்துவிடுவார்கள் என்று கள்ளக்குறிச்சியில் ஒரு கடையில் சொல்லி ரப்பர் ஸ்டாம்ப் செய்து வாங்கினேன். கதிர் விரித்த ஒரு சூரியன், அதற்குக் கீழே நாற்பது கட்டங்கள். ஊதா மையில் ஒற்றி, சீட்டில் ஒரு குத்துக் குத்திக் கொடுப்பேன். தினமும் குழந்தையை வெயிலில் காட்டி முடித்ததும் ஒரு கட்டத்தில் அடுப்புக் கரியால் ஒரு கோடு போட வேண்டும். நாற்பதும் முடிந்ததும் சீட்டோடு வர வேண்டும். கோடு குறைந்தால் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார்கள்.

ஊரில் அதற்கு வெயில் சீட்டு என்று பெயரே வந்துவிட்டது. எழுதப் படிக்கத் தெரியாத பெண்களுக்காக நானே கண்டுபிடித்த வழி என்று, பார்க்க வந்த பழைய சிநேகிதிகளிடமெல்லாம் அந்த ஸ்டாம்பை எடுத்துக் காட்டிப் பீற்றிக்கொண்டேன்.

பூங்கொடி முதலில் வந்தபோது மல்லிகா பிறந்து பன்னிரண்டு நாள். அவளுக்கு இருபது வயது இருக்கும். மலைமேல் ஒரு சின்ன ஊர். புருஷன் கரும்பு வெட்டும் காலத்தில் மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் போய்விடுவான். மற்ற நாளில் இரண்டு பேரும் கூலி வேலைதான்.

குழந்தையின் கண் மஞ்சளாக இருந்தது. வயிற்றை அமுக்கிப் பார்த்தபோது இடது பக்கம் மண்ணீரல் லேசாகக் கைக்குத் தட்டுப்பட்ட மாதிரி இருந்தது. இன்னொரு தடவை பார்த்திருக்க வேண்டும். வாசலில் முப்பது பேர் நின்றார்கள், விட்டுவிட்டேன்.

"ஒண்ணுக்குப் போனா துணியில செவப்பா நிக்குதுங்க" என்றாள் பூங்கொடி.

பிறந்த குழந்தைகளுக்கு முதல் சில நாள் துணியில் அப்படி இளஞ்சிவப்பாகக் கறை படிவதுண்டு. "அதெல்லாம் சரியாப் போயிடும்" என்றேன். துணியைக் கொண்டுவந்திருக்கிறாயா, காட்டு என்று கேட்கவில்லை. ஸ்டாம்பைக் குத்திச் சீட்டை நீட்டினேன்.

"நாப்பது நாளு. ஒரு நாளு உட்டே, என்னாண்ட வராத."

"சரிங்க" என்றாள்.

"சூடு போட்டியா?"

நாற்பது நாள் கழித்து வந்தாள். நாற்பது கோடும் வரிசையாக, நேராக இருந்தன. காமாலை இறங்கியிருந்தது. ஆனால் குழந்தை வெளுத்துக் கிடந்தது. நெற்றியிலும் கன்னத்திலும் புறங்கையிலும் வட்ட வட்டமாக ஆறிப்போன தழும்புகள்.

எனக்குத் தலைக்கேறிவிட்டது. அந்தப் பக்கத்தில் குழந்தைக்கு மாந்தம் என்றாலும் காமாலை என்றாலும் மஞ்சள் கொம்பைச் சுட்டு வைக்கிற வழக்கம் இருந்தது. சிலர் ஊசியையே காய்ச்சி இழுப்பார்கள். அப்படிச் சூடு வைத்துச் சீழ் பிடித்து, ஒரு மாதம் முன்புதான் ஒரு குழந்தை என் கையிலேயே போயிருந்தது.

"சூடு போட்டியா? உண்மையச் சொல்லு!"

"இல்லீங்கம்மா. நான் போடலீங்க."

"பின்ன இது இன்னா, வானத்துலேர்ந்து வுழுந்துதா? பெத்த புள்ளைய சுட்டுட்டு என் மூஞ்சியப் பார்த்தே பொய் சொல்றியே, நீயெல்லாம் ஒரு தாயா?"

வரிசையில் நின்ற எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். ஒருத்தி "ஐயே" என்றாள்.

"வெயில்ல வச்சா கத்துதுங்க..." என்று பூங்கொடி ஆரம்பித்தாள்.

"எந்தப் புள்ள கத்தல? துணியில்லாத வச்சா கத்தத்தான் செய்யும்."

அவள் குழந்தையைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். குழந்தை வெளுத்திருக்கிறதே என்று இரும்புச் சத்துச் சொட்டு மருந்து எழுதினேன். எலும்பும் கொஞ்சம் பலப்படட்டும் என்று இன்னொரு சீட்டை எடுத்து ஸ்டாம்பைக் குத்தினேன்.

"இன்னொரு நாப்பது. இந்தத் தடவை சூடு கீடு போட்டு எடுத்தாந்தே, போலீசுக்குச் சொல்லிடுவேன்."

அந்த மேஜையில் ஸ்டாம்ப் விழுந்த சத்தம் இன்றைக்கும் எனக்குக் கேட்கிறது.

மாமன் இல்லாத காதுகுத்து

எனக்குக் கேட்கத் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். நன்றாகத் தெரியும். அதுதான் பெரிய கொடுமை.

இதற்கு இரண்டு வருஷம் முன்னால் ரிஷிவந்தியம் பக்கத்திலிருந்து ஒரு வயதுப் பையனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். மொட்டை போட்டுக் காது குத்தியிருந்தார்கள். மூன்று நாளாகியும் காதிலிருந்து ரத்தம் நிற்கவில்லை. மொட்டைத் தலையில் பூசிய சந்தனமெல்லாம் சிவப்பாகிக் காய்ந்திருந்தது.

காதை அழுத்திப் பிடித்துக்கொண்டே, அந்த அம்மாவைப் பேச்சில் இழுப்பதற்காக, "எந்த மாமன் மடியில உட்கார வச்சுக் குத்தினீங்க?" என்று கேட்டேன்.

அவள் ஓவென்று அழுதாள். "மாமன் ஏதுங்க? எனக்குத் தம்பிங்க ரெண்டு பேரு, ரெண்டும் சின்னதுலியே செத்துப்போச்சிங்க. பங்காளி மடியிலதான் வச்சோம்."

எப்படிச் செத்தார்கள் என்று கேட்டேன். ஒருவன் பல் விழுந்து ரத்தம் நிற்காமல். இன்னொருவன் திண்டாடித் திண்டாடி, முட்டி வீங்கி, கடைசியில் தலையில் அடிபட்டு. தாய் வழியில் வந்து ஆண் பிள்ளைகளைப் பிடிக்கிற ரத்த நோய் ஒன்று உண்டு, ரத்தம் உறையாது. ஒரு நொடியில் புரிந்துவிட்டது. அன்றைக்கே பாண்டிச்சேரிக்கு அனுப்பினோம். அந்தப் பையன் பிழைத்தான். ஒரு முழங்கால் சரியாக மடங்காது, ஆனால் ஆள் இருக்கிறான்.

அன்று காது கொடுத்துக் கேட்டேனே, பூங்கொடி சொல்ல வந்தபோது ஏன் கேட்கவில்லை? மலையிலிருந்து வருகிறவள், அவளுக்கு என்ன தெரியும் என்கிற நினைப்புதான். வேறு காரணம் எவ்வளவோ தேடிப் பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை.

பாய் வைத்த இரண்டு குப்பி

இரண்டாவது சீட்டு முடிந்தும் பூங்கொடி வரவில்லை. எனக்குப் பயந்துகொண்டு வரவில்லை என்று பிறகு தெரிந்தது. மல்லிகாவுக்கு எட்டு மாதம் ஆனபோதுதான் வந்தாள்.

சேலைத் தலைப்பை விலக்கிக் குழந்தையைக் காட்டினாள். நர்ஸ் ஒரு அடி பின்னால் போனாள்.

புறங்கை இரண்டிலும் தோல் உரிந்து பொருக்குத் தட்டியிருந்தது. வலது கையில் இரண்டு விரல்களுக்கு நுனியே இல்லை. இடது கண்ணில் வெள்ளை படர்ந்திருந்தது. நெற்றியிலும் கன்னத்திலும் பூனைமுடி அடர்ந்திருந்தது. குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்தது. கீழே முளைத்திருந்த இரண்டு பல்லும் வெற்றிலை போட்ட பல் போலச் சிவந்திருந்தன.

"காட்டேரி புடிச்சிருக்குதுன்றாங்க" என்றாள் பூங்கொடி. "ரத்தம் குடிக்கிற பல்லாம். தண்ணி எடுக்கற எடத்துக்கு என்னை வராதன்றாங்க. அவரும் இப்ப வூட்டாண்ட வர்றதில்லீங்க."

இந்தத் தடவை எனக்குத் திட்ட வாய் வரவில்லை. சிறுநீரைப் பிடித்து லேபுக்கு அனுப்பினேன்.

லேபில் இருந்தவர் அன்வர் பாய். கள்ளக்குறிச்சிக்காரர். அண்ணன் தம்பிகள் எல்லோரும் ஜவுளிக் கடையில் உட்கார, இவர் மட்டும் மைக்ராஸ்கோப்புக்கு முன்னால் வந்து உட்கார்ந்தவர். என் வாய்க்குப் பயப்படாத ஒரே ஆள். சாயங்காலம் என் அறைக்கு வந்து நின்றார்.

"டாக்டரம்மா, இதுல ரத்தம் இல்ல."

"கண்ணைத் தொடச்சிட்டுப் பாருங்க பாய். செக்கச்செவேல்னு இருக்கு."

"செவப்பு ஜாஸ்திதான். ஆனா ரத்த அணு ஒண்ணுகூட இல்ல. மூணு தபா பாத்துட்டேன். நீங்க கத்துறதா இருந்தா இன்னொரு தபாவும் பாக்கறேன்."

பிறகு என்னைக் கையோடு லேபுக்கு அழைத்துப் போனார். இரண்டு குப்பிகளைக் காட்டினார்.

"ரெண்டும் காலையில ஒண்ணா ஊத்தினது. இது அலமாரிக்குள்ள இருந்தது, அப்படியே கீது. இது ஜன்னலாண்ட இருந்தது, எப்படிக் கறுத்துப் போச்சு பாருங்க. வெயில் பட்டா கறுக்குதும்மா."

வெயில் என்று அவர் சொன்னதும் என் ஸ்டாம்ப்தான் கண்ணில் வந்து நின்றது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். பாய் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார்.

படிக்கிற காலத்தில் புத்தகத்தில் பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் போட்டிருந்த நோய் அது. பரீட்சைக்கு வராது என்று நாங்கள் எல்லோரும் தள்ளிவிட்ட பக்கம். ஆயுசில் ஒருவர்கூடப் பார்க்க மாட்டீர்கள் என்று வாத்தியாரும் சொல்லியிருந்தார்.

தணல்

பெரிய ஆஸ்பத்திரியில் காட்டி உறுதி செய்துகொள்ளச் சென்னைக்குக் கிளம்பினோம். பஸ் ஏறுமுன் என் சால்வையைக் கொடுத்து, "புள்ளைய நல்லா மூடிக்கோ. வழியெல்லாம் தூசி ஜாஸ்தி" என்றேன். வெயில் என்று சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை.

அங்கே தோல் நோய்ப் பிரிவில் வயதான பேராசிரியர் ஒருவர் இருந்தார். ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி போட்ட ஒரு அறைக்கு எங்களை அழைத்துப் போனார். கதவைச் சாத்தினார். கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு விளக்கைப் போட்டு, குழந்தையின் உதட்டை மெல்ல விலக்கினார்.

அந்த இருட்டில் இரண்டு பல்லும் ஊதிவிட்ட தணல் மாதிரி சிவப்பாக எரிந்தன.

பூங்கொடி பாய்ந்து குழந்தையின் வாயைக் கையால் பொத்தினாள். "பாக்காதீங்க! யாரும் பாக்காதீங்க!" என்று கத்தினாள். அறை விளக்கைப் போட்ட பிறகும் கையை எடுக்கவில்லை. ஊரில் சொன்னதெல்லாம் நிஜம்தான் என்று அந்த நிமிஷம் அவள் நம்பியிருப்பாள்.

போர்ஃபிரியா என்றார் பேராசிரியர். பிறவியிலேயே வருவது, அதிலும் கொடுமையான வகை. ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் கட்டுகிற வேலை உடம்புக்குள்ளே பாதியில் தடம் புரண்டுவிடுகிறது. அந்த அரைகுறைச் சாயம் தோலிலும் பல்லிலும் எலும்பிலும் போய்த் தங்குகிறது. சிறுநீரில் சிவப்பாக இறங்குகிறது. வெளிச்சம் பட்டால் தோலை எரிக்கிறது. ரத்தமும் உள்ளே அழிந்துகொண்டே வரும்.

"வெயில் நிறையப் பட்டிருக்கிறதா?" என்று என்னிடம் இங்கிலீஷில் கேட்டார்.

"பட்டிருக்கிறது" என்றேன்.

எப்படி என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. போன விரல் திரும்பி வராது, இடது கண்ணும் வராது, வலது கண்ணையும் மிச்ச விரல்களையும் காப்பாற்றப் பாருங்கள் என்றார். எலும்பு மஜ்ஜை மாற்றுவதெல்லாம் அப்போது எங்கள் கைக்கு எட்டாத பேச்சு. வெயில் படாமல் வைத்துக்கொள்வது, தேவைப்படும்போது ரத்தம் ஏற்றுவது, புண்ணை அழுகவிடாமல் பார்ப்பது. வைத்தியம் அவ்வளவுதான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பூங்கொடி மூன்று தடவை கேட்டாள். "பெரிய டாக்டரு இன்னாம்மா சொன்னாரு?"

"நாளைக்கு ஆஸ்பத்திரியில வச்சுச் சொல்றேன்" என்றேன். ஊருக்கெல்லாம் கேட்கக் கத்துகிறவள், பக்கத்து சீட்டில் இருந்தவளிடம் ஒரு வார்த்தை சொல்ல முடியாமல் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பொய்க் கோடு

அப்படி விடிந்ததுதான் அந்தக் காலை. இரண்டு சீட்டும் மேஜை மேல் கிடந்தன.

"திட்டல. சொல்லு" என்றேன்.

அவள் முதல் சீட்டைப் பிரித்தாள். கட்டங்களின் மேல் விரலை வைத்து எண்ணிக்கொண்டே போய் ஒரு இடத்தில் நிறுத்தினாள்.

"இதுவரைக்கும் பத்து நாளு நெசமா காட்டினேங்க. இதுக்கப்புறம் எல்லாம் பொய்க் கோடு."

எனக்குச் சட்டென்று புரியவில்லை.

"வெயில்ல வச்சா போதும், கொப்பளம் கொப்பளமா வருதுங்க. கத்துற கத்த என்னால தாங்க முடியல. சரி போவட்டும்னு உள்ளாறயே வச்சிக்கினேன். கோடு மட்டும் தெனம் போட்டுட்டேன். புண்ணெல்லாம் ஆறிப்போச்சி. அத உங்களாண்ட சொல்லலாம்னுதான் வந்தேன். சொன்னா, வெயில்ல காட்டாதது தெரிஞ்சிடும். நீங்க வேற சூடு போட்டியான்னு..." நிறுத்தினாள். "மொத சீட்ட ஒழுங்கா முடிச்சிருந்தா நோவு அப்பவே போயிருக்கும் இல்லீங்களா? நான் ஏமாத்தினதுலதான் உள்ளாற தங்கிடுச்சி. என் புள்ள கைய நான்தான் தின்னுட்டேன்."

அவள் கையில் நோயின் முழு விடையும் இருந்திருக்கிறது. வெளியே வைத்தால் கொப்புளம், உள்ளே வைத்தால் ஆறுகிறது. எந்த லேபும் எந்த விளக்கும் இல்லாமல், பெற்ற இரண்டு மாதத்துக்குள்ளேயே அவள் கண்டுபிடித்துவிட்டாள். அதை என்னிடம் சொல்ல முடியாமல் செய்தது என் வாய்.

"பூங்கொடி, நல்லாக் கேளு. இந்தப் பொய்க் கோடு போட்ட முப்பது நாளுதான் உன் புள்ளையக் காப்பாத்துச்சு."

அவள் என்னையே பார்த்தாள்.

"அவளுக்கு வந்திருக்கற நோவுக்கு வெயில்தான் வெஷம். பொறக்கும்போதே ரத்தத்துல ஒரு கோளாறு. வெளிச்சம் பட்டா தோலு வெந்துபோவும். காட்டேரியும் இல்ல, ஒண்ணும் இல்ல. நீ உள்ளாற வச்சிக்கினே பாரு, அதான் சரியான வைத்தியம்."

அவள் முதல் சீட்டைப் பார்த்தாள். பிறகு இரண்டாவதைக் கையில் எடுத்தாள். மெல்லப் பிரித்தாள். நாற்பது கரிக்கோடு.

"நீங்க திட்டினதுக்கப்புறம் இதுல ஒரு நாளுகூட உடலீங்க" என்றாள். "கத்த கத்தக் காட்டினேன். வாய்ல துணிய வச்சிக்கினு நானும் அழுதுக்கினேதான் காட்டினேன். உள்ள இருக்கற நோவுதான் கொப்பளமா வெளிய வருதுன்னு நெனச்சேன். இதுலதான் வெரலு போச்சி. கண்ணு போச்சி."

அந்தச் சீட்டை என் பக்கம் நகர்த்தினாள்.

"அப்ப இந்த ரெண்டாவது சீட்டு?" என்று கேட்டாள்.

"அது நான் பண்ணதும்மா. நீ பண்ணல. நான் சொன்னது தப்பு. நீ சொல்ல வந்தே, நான் சொல்ல உடல." அழக் கூடாது என்று இருந்தேன், முடியவில்லை.

அவள் அழவில்லை. கட்டுப் போட்டிருந்த அந்த விரல்களைத் தன் உள்ளங்கையில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"ஒரு நாளாச்சும் உட்டிருக்கலாம்" என்றாள். என்னிடம் சொல்லவில்லை.

பிறகு எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள். வெயில் மேஜை வரை வந்து கிடந்ததே, எனக்கு அது தோன்றவில்லை பாருங்கள். அரை இருட்டில் திரும்பி வந்து உட்கார்ந்து, "இனிமே இன்னா பண்ணணும், சொல்லுங்க" என்றாள்.

சொன்னேன். அவள் எல்லாவற்றையும் செய்தாள். அன்வர் பாயின் அண்ணன் கடையிலிருந்து தடித்த கறுப்புத் துணி வந்தது, விரல் நுனி வரை மூடுகிற சட்டை தைத்தோம். நான் திட்டிய அந்த ஜன்னல் இல்லாத வீட்டுக்குள்தான் மல்லிகா வளர்ந்தாள். புருஷன் இரண்டு வருஷம் கழித்துத் திரும்பி வந்தான், வாசல் கூரையை இன்னும் ஒரு முழம் கீழே இறக்கிக் கட்டினான். பாயின் ரத்தமும் மல்லிகாவின் ரத்தமும் ஒரே குரூப். எத்தனையோ தடவை படுத்துக் கொடுத்தார்.

ஸ்டாம்பை அன்றைக்கே அடுப்பில் போட்டேன். ரப்பர் கருகிய நாற்றம் ஆஸ்பத்திரி முழுக்க அடித்தது. காமாலைக்கு இளவெயில் காட்டச் சொல்வதை அடியோடு விட முடிந்ததா என்றால், இல்லை. பல வருஷம் எங்களுக்கு வேறு வழியில்லை. ஆனால் குழந்தையின் துணியைப் பார்க்காமல் ஒருத்திக்கும் சொன்னதில்லை.

மல்லிகா ஒன்பது வயது வரைக்கும் இருந்தாள். வலது கண்ணையும் மிச்ச விரல்களையும் கடைசி வரை காப்பாற்றினோம். ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து, ரத்தம் ஏற்ற ஏற்ற இறங்கிக்கொண்டே போய், எங்கள் ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே போய்விட்டாள். அன்று வானம் மூடியிருந்தது. பூங்கொடி அவளைச் சட்டையில்லாமல், முகம் மூடாமல் தோளில் போட்டுக்கொண்டு மலை ரோட்டில் நடந்து போனாள்.

அந்தக் காலைக்குப் பிறகு கடைசி வரை மாதம் தவறாமல் வந்தவள். என்னை மன்னித்துவிட்டாள் என்று நான் நினைக்கவில்லை. கேட்கவும் இல்லை. அந்தப் பக்கத்தில் வேறு ஆஸ்பத்திரி இல்லை.

அன்று காலை எல்லாம் பேசி முடித்து எழுந்தபோது, முதல் சீட்டை மட்டும் நாலாக மடித்துச் சுருக்குப் பையில் போட்டுக்கொண்டாள். "இதையும் எடுத்துக்கோ" என்று இரண்டாவதை நீட்டினேன். அவள் கையை நீட்டவில்லை. குழந்தையைச் சால்வையில் மூடி எடுத்துக்கொண்டு போனாள்.

நாற்பது கோடும் உள்ள அந்தச் சீட்டு என்னிடம்தான் இருக்கிறது.